கௌசலாவின் எடையைக் கேட்ட ஆள்

விசுவமடு,
புதன்கிழமை.

அன்புள்ள விமலேஸ்வரி அக்காவுக்கு,

தம்பி கனகலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். வவுனியாவில் உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பாற்கூட்டுறவு அலுவலகத்தில் நான் மெல்லக் கதைத்தாலும் வாசலில் பால் கான் இறக்குபவர்கள் வரை கேட்கும். விஷயம் இரகசியமானது. ஆகவே கடிதம்.

எங்களோடு வேலை செய்யும் கௌசலா மிகவும் அமைதியான பிள்ளை. திங்கட்கிழமை முன்பின் தெரியாத ஓர் ஆண் அவளுக்கு அழைப்பெடுத்து, முழுப் பெயரையும் சொல்லி, "தங்கச்சி, நீங்கள் அம்பது கிலோவுக்கு மேலயோ?" என்று கேட்டிருக்கிறான். பதறிப்போய் வைத்துவிட்டாள். அரை மணித்தியாலத்தில் மறுபடியும் அதே ஆள். "பயப்பிடாதேங்கோ, கடைசியா என்ன நோய் வருத்தம் வந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ." பிள்ளை அழுதேவிட்டாள். எனக்கு இரத்தம் கொதித்தது. நாங்கள் வேலைக்குச் சேரும்போது கொடுத்த மருத்துவச் சான்றிதழில்தான் இந்த விபரமெல்லாம் இருக்கிறது; அது கோப்பு அலுமாரிக்குள் இருக்கிறது; அலுமாரிப் பூட்டின் திறப்பு ஜனார்த்தனனிடம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் வந்த பொடியன், எப்போதும் கைத்தொலைபேசியும் கையுமாகத் திரிபவன். கல்யாணத் தரகர் எவருக்கோ விபரம் கொடுக்கிறான் என்று முடிவு கட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் இப்போது எடையும் கேட்கிறார்களாமே! நேற்று அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவனுடைய கொப்பியைத் திறந்தேன். அடுத்தவர் கொப்பியைத் திறப்பது சரியில்லைதான். ஆனால் கௌசலாவின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. இரண்டு தரம் முழுதாக வாசித்தேன். எங்கள் எல்லோருடைய பெயர், இலக்கம், வயது, எடை! எனக்கு நேரே எழுபத்தொன்பது கிலோ என்று கிடந்தது. அது பழைய எடை. உடனே முகாமையாளர் சுகிர்தனுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை விசாரணை. நான் தொண்டையைச் செருமி முடிக்கவில்லை, ஜனார்த்தனனே எழுந்து, "ஓம், நான்தான் நம்பர் குடுத்தனான்" என்றான்.

"பாத்தீங்களோ!" என்றேன்.

"கண்டாவளையில எனக்குத் தெரிஞ்ச பிள்ளை ஒண்டுக்கு நாளைக்குச் சிசேரியன். ஓ நெகட்டிவ் இரத்தம் கிடைக்கேல்லை. ஆர் குடுக்கலாம் எண்டு எல்லாற்ற பைலையும் பாத்து எழுதினனான், கௌசலா அக்காவுக்குத்தான் அந்த வகை. கோல் எடுத்தது அந்தப் பிள்ளையின்ர புருசன். இரத்தம் குடுக்கிற ஆள் அம்பது கிலோவுக்கு மேல இருக்கோணும், நோய் ஒண்டும் இருக்கக்கூடாது; மனுசனுக்குப் பதட்டத்தில எங்க துவங்கிறது எண்டு தெரியேல்லை."

கௌசலா எழுந்தாள்.

"நல்ல காரியமெண்டாலும் என்ர விபரம் என்ரதான். என்னட்டை முதல்லயே கேட்டிருந்தா மாட்டன் எண்டு சொல்லியிருப்பனே?"

"பிழைதான் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இப்ப கேள்."

"என்ன?"

"கேள் எண்டுறன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இரத்தம் குடுப்பீங்களோ அக்கா?" என்றான். அவள் கைப்பையை எடுத்தாள். "குடுப்பன். மோட்டச்சைக்கிளை எடு." இருவரும் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போய்விட்டார்கள். அந்தப் பொடியனைத் தரகரின் ஆள் என்று நினைத்ததற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்காமல் எவருடைய விபரமும் வெளியே போகக்கூடாது என்று முகாமையாளர் கண்டிப்பாகச் சொல்லி, அலுமாரித் திறப்பை என் கையில் தந்தார். இந்த அலுவலகத்தில் வாயைக் கட்டிவைக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்பது அவருக்கு இப்போதாவது விளங்கியதே!

அத்தானுக்கு என் வணக்கம். மருமகள் வினோஜா நினைத்த காரியமெல்லாம் கைகூடி நீடூழி வாழட்டும்.

உங்கள் பாசமுள்ள தம்பி,
கனகலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் கௌசலா ஆசுபத்திரியிலிருந்து பேசினாள். அவள் கொடுத்துவிட்டாளாம், அதே வகையில் இன்னும் ஒருவர் வேண்டுமாம். வினோஜா பிறந்தபோது உங்களுக்கும் ஓ நெகட்டிவ் என்று டொக்டர் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது. அவசரத்தில் உங்கள் பெயர், இலக்கம், உண்மையான வயது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் கிடைக்கும் முன்பே ஓர் ஆண் அழைத்து எடையைக் கேட்டிருப்பான். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லியிருந்தால் பிரயோசனமில்லை. எண்பத்திரண்டு என்று நான் ஏற்கனவே சொல்லிவிட்டேன்.