வேலைக்கு வராத வீரையா தாத்தா

சுங்கை வே,
ஞாயிற்றுக்கிழமை காலை.

கிள்ளானில் இருக்கும் மதிப்பிற்குரிய வாசு மாமா அவர்களுக்கு, மருமகன் பிரவின் தலைகுனிந்து எழுதுவது.

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து என் போனை நீங்கள் எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பிலும் பிளாக் பண்ணிவிட்டீர்கள். ஆகவே காகிதத்தில் எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள். நாளைக் காலை கிடங்கு கேட்டில் உங்கள் அட்டைக்குப் பச்சை விழுமா சிவப்பு விழுமா என்பது இதில்தான் இருக்கிறது.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். செத்துப் பதினாறு வருஷமான வீரையா தாத்தாவுக்கு, 'நீங்கள் ஏன் வேலைக்கு வரவில்லை, காரணம் சொல்லாவிட்டால் நீக்கப்படுவீர்கள்' என்று கம்பெனிக் கடிதம் வரக் காரணம் நான்தான்.

புது மேனேஜர் ராஜினி மேடம் போன வாரம் கூப்பிட்டு, "பிரவின், அந்தப் பழைய மெஷின்ல யாரு யாருக்குப் பதிவு இருக்கு, யாரு தொண்ணூறு நாளா வரல, லிஸ்ட் வேணும் லா" என்றார். கிடங்கில் எல்லாருடைய கேட் அட்டையும் அந்த மெஷினில் உள்ள பதிவோடுதான் கட்டியிருக்கிறது. அதைப் பார்க்க ஒரு கருவி உண்டு, மாமா. படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால், அந்த மெஷினுக்குள் பதிவான ஆட்களைச் சொல்லும். துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்கிற சாமான் அது. பெயரை எடுக்க ஒரு துண்டு, கடைசியாக எப்போது வந்தார் என்று பார்க்க ஒரு துண்டு, முகவரிக்கு ஒரு துண்டு. தேவையானதை நாமே எழுதியும் சொருகலாம். பெயர்த் துண்டை நான் எழுதினேன். அந்தக் காலத்தில் இரண்டு ஷிப்ட்டுக்காரர்களுக்கு ஒரே பதிவைக் கொடுத்து, பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டு வைத்திருந்தார்கள். ஆகவே சாய்கோட்டைக் கண்டால் இரண்டு ஆளாகப் பிரி, ஒற்றை எழுத்து வந்தால் தள்ளிவிடு என்று எழுதினேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்! நம் அடையாள அட்டையில், ஐ.சி.யில், நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி என்று ஒரு கோடு நிற்கிறதே, அது என் ஐ.சி.யிலும் நிற்கிறதே, அது மட்டும் ஞாபகம் வரவில்லை. 'வாசு ஏ/எல் வீரையா' உள்ளே போனது. வாசு, வீரையா என்று இரண்டு தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். வாசு தினமும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அந்த மெஷின் வந்த பதினொரு வருஷத்தில் வீரையா ஒருநாள்கூட வரவில்லை. பதிவு ஒன்றுதான் என்பதால் வீரையா பதில் சொல்லும்வரை வாசுவுக்கும் கேட் பூட்டு.

மொத்தம் இருபத்துமூன்று பேர், மாமா. மலாய்க்காரர்களுக்குக் கோடு இல்லை, சீனர்களுக்கும் இல்லை, நமக்குத்தான். மூன்றாம் மாடியில் அதிகாரியாக இருக்கும் ஐங்கரன் சார்கூடத் தப்பித்துவிட்டார். அவருடைய அப்பா பிறப்புப் பத்திரத்திலேயே கோடு போடாமல் விட்டிருக்கிறார். அந்த மாடியில் கோடுள்ள பெயர் ஒன்றுகூட இல்லை என்பதையே இந்த லிஸ்டைப் பார்த்துத்தான் கவனித்தேன். இந்தக் கம்பெனியில் யார் மூட்டை தூக்குகிறார்கள், யார் கக்கூஸ் கழுவுகிறார்கள் என்று கேட்கத் தனித் துண்டு எழுத வேண்டாம், கோட்டைத் தேடினால் போதும். நான் ஏன் மாட்டவில்லை என்று கேட்பீர்கள். அந்த மெஷினில் எனக்குப் பெயரே கிடையாது. மூன்று வருஷமாக நான் 'காண்ட்ராக்ட் 4'.

கூட்டிப் பெருக்கும் வீரம்மா அக்கா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "தம்பி, எங்கப்பா உசுரோட இருந்தப்பவே எந்த வேலைக்கும் ஒழுங்காப் போனதில்லடா. இப்ப நான் எந்தச் சுடுகாட்டுல போயி எழுப்புறது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார், சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் ராஜினி மேடத்திடம் ஓடினேன்.

"மேடம், அவங்கல்லாம் ஆளுங்க இல்ல, அப்பாங்க."

"சிஸ்டம் ஆளுன்னுதானே சொல்லுது?"

"பாதிப் பேரு செத்துட்டாங்க மேடம்."

"அப்ப டெத் சர்ட்டிஃபிகேட் கொண்டு வரச் சொல்லு. மீதிப் பேரு?"

"வீட்ல உக்காந்து டிவி பாக்கறாங்க."

"ஏன் வரலன்னு அவங்க எழுதிக் கொடுக்கட்டும் லா. திறந்து விட்டுடறேன்."

அவர் கெட்டவர் இல்லை, மாமா. லிஸ்டை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். தப்பு என்று சொன்னால் அவர் நாற்காலி ஆடும். அவர் நாற்காலி ஆடாமல் இருக்க இருபத்துமூன்று பேர் தங்கள் அப்பன் செத்ததை நிரூபிக்க வேண்டும். துண்டை நான் அன்றே திருத்திவிட்டேன், ஆனால் பூட்டைத் திறக்க அவர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை நீங்கள் போனில், "எங்கப்பன வேலைய விட்டுத் தூக்க நீ யாருடா?" என்று கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. எனக்கும் அவர் தாத்தாதானே. முப்பத்தொரு வருஷம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தண்டவாளத்தில் சம்மட்டி அடித்த மனிதர். தன் பெயரை அச்சடித்த ஒரு கடிதத்தை அவர் கையில் வாங்கியதாக அம்மாவுக்கு நினைவில்லை. முதல் கடிதம் இப்படியா வர வேண்டும்?

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். என்னை இந்த வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிட்டது நீங்கள்; என்னாலேயே உங்கள் வேலை போகக்கூடாது. தாத்தாவின் மரணப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நாளைக் காலை ஏழு மணிக்குக் கேட்டுக்கு வாருங்கள். கத்த வேண்டாம், நான் முன்னால் நிற்கிறேன். அது என் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். காண்ட்ராக்ட் 4 போனால் காண்ட்ராக்ட் 5 வருவான்.

அத்தைக்கு என் வணக்கம். தாத்தாவின் ஆசி உங்களோடு இருக்கட்டும், கோபம் என்னோடு இருக்கட்டும்.

உங்கள் அடங்காத மருமகன்,
பிரவின்

பின்குறிப்பு: அம்மா செருப்பு மாட்டிவிட்டார், கீழே கார் நிற்கிறது, ஆனாலும் இதை எழுதாமல் அனுப்ப முடியாது. ராஜினி மேடம் இப்போதுதான் மெசேஜ் போட்டார்: "மிஸ்டர் வீரையா நேத்தே விளக்கம் அனுப்பிட்டாரு. முழங்கால் வலியாம். கையெழுத்து இருக்கு, ஏத்துக்கிட்டேன். நாளைக்கு கேட் திறக்கும்." அந்தக் கடிதத்தின் படத்தையும் அனுப்பியிருந்தார். அது அத்தையின் கையெழுத்து, எனக்குத் தெரியாதா? மாமா, மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். மரணப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தாத்தா செத்தது வெளியே தெரிந்தால் உங்கள் வேலை போய்விடும். வீரம்மா அக்காவுக்குப் போன் பண்ணிவிட்டேன், மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிடுவார். ஆளுக்கு ஒரு வியாதியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். இருபத்துமூன்று அப்பாக்களுக்கும் முழங்கால் வலி என்றால் ராஜினி மேடத்துக்கே சந்தேகம் வந்துவிடும்.