முகுந்தன் நடத்திய வீட்டுப் பள்ளிக்கூடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டுக்கறிப் பிரட்டல் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு முகுந்தன் அறிவித்தான். நாளையிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் போவதில்லை. வீட்டிலேயே படிப்பார்கள்.

காரணங்களை அடுக்கினான். புத்தகப்பை கனத்தில் பிரவினுக்கு முதுகு கூனுகிறது. ஷாமினிக்கு வீட்டுப்பாடம் செய்தே கண் பூத்துவிட்டது. வெள்ளைக்காரன் ஊரில் எல்லாரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். கடைசியாக நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, "பெத்தவங்களைவிட நல்ல வாத்தியார் உலகத்துல உண்டா?" என்றான்.

உண்மைக் காரணம் வேறு. மேருவில் இருக்கும் வீட்டிலிருந்து கிள்ளானில் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்குத் தினமும் விடியுமுன் காரை எடுக்க வேண்டும். முன்னால் லோரி, பின்னால் லோரி, நடுவில் கொட்டாவி விட்டபடி முகுந்தன். அவன் காப்புறுதி முகவர். அவன் வாடிக்கையாளர்களில் ஒருவர்கூடப் பத்து மணிக்கு முன்னால் போனை எடுப்பதில்லை. அவர்கள் தூங்கும்போது அவன் மட்டும் எதற்காக விழித்திருக்க வேண்டும்? பள்ளிக்கூடம் நின்றால் இந்த ரோட்டு ஜேமும் நிற்கும். மனைவி குமுதா பாடம் நடத்துவாள். அவன் போர்வைக்குள் இருப்பான்.

குமுதா சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தான்.

"நல்ல யோசனைங்க," என்றாள் குமுதா.

முகுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு எந்தக் கலர் பெயிண்ட் அடிப்பது என்பதில்கூட அவன் பேச்சு எடுபட்டதில்லை.

"நெஜமாவா சொல்ற?"

"ஆமாங்க. பள்ளிக்கூடத்துக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன். நீங்க ஏன் அலையணும்."

அன்று அவன் தூங்கிய தூக்கம் ராஜா தூங்கும் தூக்கம்.

காலையில் யாரோ உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால், குமுதா பட்டுச்சேலையில் நிற்கிறாள். தோளில் கைப்பை.

"எந்தக் கோயிலுக்கு?"

"கோயில் இல்லைங்க, வேலைக்கு. லிட்டில் இந்தியாவுல நம்ம தங்கமணி சேலைக்கடை வெச்சிருக்கால்ல? ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. பிள்ளைங்களை யாரு பார்க்கிறதுன்னுதான் தள்ளிப் போட்டேன். இனிமே கவலை இல்லை."

முகுந்தன் எழுந்து உட்கார்ந்தான். "அப்போ பாடம் நடத்துறது?"

"பெத்தவங்களைவிட நல்ல வாத்தியார் யாருன்னு நீங்கதானே கேட்டீங்க. நான் ஃபார்ம் ஃபைவ் வரைக்கும்தான் படிச்சேன். நீங்க டிகிரி. பசியாறிட்டு உட்கார்ந்திருக்காங்க, போய் ஆரம்பிங்க."

கார் சாவியும் அவளோடு போய்விட்டது.

ஷாமினிக்கு ஐந்தாம் வகுப்பு, பிரவினுக்கு மூன்றாம் வகுப்பு. முகுந்தன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கணக்கில் தொடங்கினான். பின்னம்.

"அப்பா, இதுல தொகுதி எது?" என்றாள் ஷாமினி.

"காப்பார்."

"என்னது?"

"நம்ம தொகுதி காப்பார்தானே. ஓட்டுப் போடறேனே."

மகள் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு டீச்சரின் களைப்பு இருந்தது. "அப்பா, கோட்டுக்கு மேல இருக்கிறது தொகுதி. கீழ இருக்கிறது பகுதி. நீங்க டிகிரியில என்ன படிச்சீங்க?"

"மார்க்கெட்டிங்."

"அதான்."

பின்னம் நடத்தப் போய்ச் சின்னாபின்னமாகி, பாடத்தை மாற்றினான். மலாய்ப் பாடத்திலும் அவள்தான் அவனைத் திருத்தினாள். அதற்குள் பிரவினுக்குப் பசித்தது. மறுபடி பசித்தது. வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, விபத்துக் காப்புறுதியில் என்னென்ன அடங்கும் என்று விசாரித்தார். அந்த நேரம் பார்த்துப் பிரவின் மேசையோடு விழுந்தான். "பிறகு கூப்பிடுறேன்" என்ற அந்த மனிதர் பிறகு கூப்பிடவே இல்லை.

வாசலில் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவி. இரண்டு கையிலும் இரட்டைப் பிள்ளைகள். நான்கு வயது.

"தம்பி, குமுதா சொன்னுச்சு, நீங்க வீட்டுல பள்ளிக்கூடம் நடத்துறீங்களாமே. நல்ல மனசு லா உங்களுக்கு. மத்தியானம் வரைக்கும் இதுங்களும் ஓரமா உட்கார்ந்திருக்கட்டும்."

"அக்கா, அது வந்து..."

"உங்களுக்குப் பிரியாணி அனுப்புறேன்."

பிரியாணி வந்தது. ஓரமாக மட்டும் யாரும் உட்காரவில்லை. ஒன்று சோபாவின் மேல் ஏறியது, மற்றொன்று அடியில் புகுந்தது. புகுந்ததைப் பிடித்தால் ஏறியது தப்பித்தது.

செவ்வாயன்று முகுந்தனுக்குத் தொண்டை கட்டியது. புதனன்று அவன் வெள்ளைச் சட்டையில் இரட்டையர்கள் மீன் வரைந்தார்கள். வியாழனன்று மகளிடம், "அம்மா எப்ப வருவாங்க?" என்று அவனே நான்கு தடவை கேட்டான்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் காத்தூன் பீவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிராப் கார் பிடித்துச் சேலைக்கடைக்கே போனான். குமுதா ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முகம் பளபளவென்றிருந்தது.

"பிள்ளைங்களைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிடலாம் குமுதா."

"அய்யோ, அவங்க முதுகு என்ன ஆகும்?"

"நான் பையைத் தூக்குறேன்."

"காலைல யாரு கொண்டுபோய் விடறது?"

"நான்தான்."

"கூட்டிட்டு வர்றது?"

"அதுவும் நான்தான்."

"நான் இந்த வேலையை விட்டுட முடியாதுங்க. தங்கமணி பாவம்."

"யாரு உன்னை விடச் சொன்னா?"

குமுதா புடவையை மடித்தாள். "உங்க இஷ்டம். நீங்களே போய் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்துக் கேளுங்க."

முகுந்தன் பள்ளிக்கு ஓடினான். வழியெல்லாம் மன்னிப்புப் பேச்சை ஒத்திகை பார்த்தான். பேரை வெட்டியிருப்பார்கள். இடமில்லை என்பார்கள். காலில் விழ வேண்டியிருந்தாலும் விழுவது என்று முடிவு செய்துகொண்டான்.

தலைமையாசிரியை லெட்சுமி அவனைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மெதுவா உட்காருங்க சார்."

"டீச்சர், பிள்ளைங்களை நிறுத்தினது என் தப்புதான். தயவுசெய்து திரும்பச் சேர்த்துக்கணும்."

"யாரு நிறுத்தினது? லீவுலதானே இருக்காங்க." அவர் பரிவோடு முன்னால் சாய்ந்தார். "வீட்டுக்காரருக்குத் திடீர்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள தானா தெளிஞ்சிடும்னு உங்க வீட்டம்மா போன்ல சொன்னாங்க. இப்பத் தெளிஞ்சிடுச்சா சார்?"