நெஞ்சோடு அணைக்கும் இனம்

ஆண்களில் ஓர் இனம் உண்டு. எதையாவது நெஞ்சோடு அணைத்துக்கொண்டே திரியும். கோப்பு, பை, குடை, ஹெல்மெட், அடுத்தவர் வீட்டு சோபாவில் கிடக்கும் குட்டித் தலையணை, எதுவும் கிடைக்காவிட்டால் தன்னுடைய இரண்டு கைகள். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். 'எவ்வளவு அடக்கமான மனிதர், எப்போதும் கைகட்டித்தான் நிற்கிறார்' என்று நீங்களும் வியந்திருப்பீர்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. மனிதருக்கு மார்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மீசை அரும்பும் வயதில் அது எட்டிப் பார்க்கும். பெரும்பாலோருக்கு வந்த வழியே போய்விடும். சிலரிடம் மட்டும் குடக்கூலி கொடுக்காமல் தங்கிவிடும். அப்படிப்பட்டவர்களை அடையாளம் காண்பது சுலபம். சட்டை ஒரு அளவு பெரிதாக இருக்கும், நிறம் கறுப்போ கருநீலமோ, இரண்டு பக்கமும் பை, பை நிறையப் பேனா, கண்ணாடிக் கூடு, எப்போதோ வாங்கிய பஸ் டிக்கெட். கொளுத்தும் வெயிலிலும் உள்ளே இரண்டு பனியன். குழுவாகப் படம் எடுக்க வேண்டுமென்றால் 'நான் எடுக்கிறேன்' என்று முதலில் ஓடிவருவார். திடீரென்று மழை பிடித்தால் எல்லோரும் தலையை மறைப்பார்கள், இவர் மார்பை மறைப்பார். நனைந்த சட்டையைப்போல் காட்டிக்கொடுக்கும் துரோகி உலகத்தில் வேறு உண்டா? பேசிக்கொண்டே இருக்கும்போது இரண்டு விரல் போய் நெஞ்சருகே சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்துவிடும். 'உஸ், என்ன புழுக்கம்!' என்பார். ஏசி அறையில்.

உனக்கு எப்படி இவ்வளவு விவரம் என்கிறீர்களா? நான் அந்த இனத்தின் ஆயுள் உறுப்பினன்.

எனக்கு நூலகத்தில் வேலை. மற்றவர்கள் சம்பளம் பார்த்து, பென்ஷன் பார்த்து வேலைக்குச் சேர்வார்கள். நான் மேஜையின் உயரம் பார்த்துச் சேர்ந்தேன். புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜை, உட்கார்ந்தால் கழுத்துவரை வந்தது. எழுந்து நடக்க வேண்டி வந்தாலும் கவலையில்லை, அள்ளி அணைத்துக்கொள்ள அலமாரி அலமாரியாகப் புத்தகம்! அதிலும் பேரகராதியின் மூன்றாம் தொகுதி என்றால் எனக்கு உயிர். அதைப் படித்ததில்லை. அகலம் பிடிக்கும். "புத்தகத்தைக் குழந்தை மாதிரி தூக்கிட்டுப் போறார் பாருங்க" என்று ஒரு வாசகர் என் காதுபடவே உருகினார். நான் தலைகுனிந்து புன்னகை செய்தேன். தலை குனிந்தால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் சட்டை முன்னால் தொளதொளவென்று தொங்கும். எங்கள் இனம் சும்மா புன்னகை செய்யாது.

பிறகு நிஜக் குழந்தையே பிறந்தாள். அவளை நான் தரையில் விட்டதே இல்லை. கடைக்கு, கல்யாணத்துக்கு, பஸ் நிறுத்தத்துக்கு, எங்கே போனாலும் மகள் என் நெஞ்சில். நடக்கத் தெரிந்த பிறகும் தூக்கினேன், ஓடத் தெரிந்த பிறகும் தூக்கினேன். "அப்பான்னா இப்படி இருக்கணும்" என்று மாமியார் என்னைக் காட்டித் தன் மகனை இடித்துக்காட்டினார். மச்சான் அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். ஒருநாள் பள்ளி வாசலில் காலை உதைத்தாள்.

"இறக்கி விடுப்பா. ஃபிரண்ட்ஸ் பாக்கறாங்க."

இறக்கினேன். ஓடிவிட்டாள். நட்டநடு வாசலில், அத்தனை பெற்றோர் முன்னால், கையில் ஒன்றுமில்லாமல் நான் நின்றேன். அவளுக்கு வந்த வெட்கம் எனக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? என்னிடமிருந்து போன சொத்துதானே அது. ஆபரேஷன் செய்துகொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

முதலில் மனைவியிடம் சொல்ல வேண்டுமே! கொலையை ஒப்புக்கொள்ளப் போகிறவன்போல் கதவைச் சாத்தி, தொண்டையைக் கனைத்து, சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"கல்யாணத்தன்னைக்கு எனக்குக் கொடுக்க வேண்டிய பூங்கொத்தை நீங்களே கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்போலேர்ந்து."

மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்குள் போனால், அங்கே எங்கள் இனத்தின் மாநாடே நடந்துகொண்டிருந்தது. ஒருவர் ஹெல்மெட்டை அணைத்திருந்தார், ஒருவர் லேப்டாப் பையை. மூலையில் ஒருவர் மனைவியின் கைப்பையை அணைத்திருந்தார்; மனைவி வரவில்லை. யாரும் யாரோடும் பேசவில்லை. ஓரக்கண்ணால் மட்டும் ஒருவர் நெஞ்சை ஒருவர் அளந்து, 'நம்முடையது பரவாயில்லை' என்று ஆறுதல் அடைந்துகொண்டிருந்தோம்.

"ஃபைலைக் கீழ வைங்க சார்" என்றார் டாக்டர்.

வைத்தேன்.

"கையையும்."

அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வெறும் கொழுப்பு இல்ல, உள்ள சுரப்பியும் வளர்ந்திருக்கு. அதனால எவ்வளவு ஓடினாலும் கரையாது. பயப்படாதீங்க, பெருசா கிழிக்க மாட்டோம். அக்குள் ஓரத்துல பக்கத்துக்கு ஒரு சின்னத் துளை. கொழுப்பைக் குழாய் வச்சு உறிஞ்சிட்டு, சுரப்பியையும் அது வழியாவே எடுத்துடலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

என் வாலிபத்தையே விழுங்கி ஏப்பம் விட்ட சங்கதி, ஒரு சின்னத் துளை வழியாக வெளியே போய்விடுமாம்! எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. சொன்னபடியே போய்விட்டது. கையோடு இரண்டு கட்டளைகள் வந்தன: சில வாரங்களுக்கு இறுக்கமான பனியனைக் கழற்றவே கூடாது, கனமான எதையும் தூக்கவே கூடாது. முதல் கட்டளை, இத்தனை வருடமாக நான் திருட்டுத்தனமாகச் செய்துவந்ததுதான்; டாக்டர் அதை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

விடுப்பு முடிந்து, கைகளை வீசிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நூலகத்துக்குள் நுழைந்தேன். ஊரே திரும்பிப் பார்க்கப் போகிறது என்று நினைப்பு. தினமும் முதல் ஆளாக வந்து செய்தித்தாள் படிக்கும் பெரியவர் மட்டும் தலையைத் தூக்கினார்.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா? வெறுங்கையோட வரீங்க."

அவ்வளவுதான். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று பாதி ஆயுளை ஒளிந்தே கழித்திருக்கிறேன், ஊரில் ஒருத்தர்கூடப் பார்த்திருக்கவில்லை! கோபம் கோபமாக வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி வீட்டில் இருந்தாள், என் மகள். சோபாவிலேயே தூங்கிப்போகிற மகளைத் தூக்கிப்போய்ப் படுக்க வைக்கும் வேலை இப்போது மனைவிக்கு மாறியிருந்தது. ஒரு விடுமுறை நாளில் மகள் என் அருகே வந்து நின்று, சட்டைக்குள் தெரிந்த இறுக்கப் பனியனை ஒரு விரலால் தொட்டாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்லடா."

"நான் ரொம்ப கனமா இருந்தேனா? எப்பவும் அங்கதான சாஞ்சிருப்பேன். அதனாலதான் வீங்கிடுச்சா?"

சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. அப்பாவின் நெஞ்சைத் தான்தான் கெடுத்துவிட்டோம் என்று இந்தக் குழந்தை எத்தனை நாளாக மனசுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்ததோ! யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைக்க அவள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்ததுடா அது" என்றேன். "யாராவது பார்த்துச் சிரிப்பாங்கன்னு எனக்குப் பயம். அதான் உன்னை முன்னாடி வச்சு மறைச்சுக்கிட்டே போனேன்."

யோசித்தாள்.

"அப்ப நான்தான் உன்னைக் காப்பாத்தினேனா?"

"ஆமா."

"இப்பதான் மறைக்க ஒண்ணும் இல்லையே. இனிமே தூக்க மாட்டியா?"

பேரகராதியை முழுசாகப் படித்திருந்தாலும் எனக்குப் பதில் கிடைத்திருக்காது. "டாக்டர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் பாரு" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. வெளியே விளையாடப் போய்விட்டாள்.

டாக்டர் சரி என்று சொன்ன அன்றே நேராகப் பள்ளி வாசலுக்குப் போனேன். மணி அடித்துப் பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வரும்போது, அத்தனை பெற்றோர் முன்னால் அவளை அள்ளித் தூக்கினேன். நெஞ்சில் இல்லை, தோளுக்கு மேலே. நன்றாகவே கனத்தாள். என் முன்பக்கம் முழுவதும் ஊருக்குத் திறந்து கிடந்தது.

"ஐயோ அப்பா, ஃபிரண்ட்ஸ் பாக்கறாங்க!"

"பாக்கட்டும்" என்றேன்.

இறக்கி விடு என்று அவள் சொல்லவில்லை. என் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இதனால் நான் திருந்திவிட்டேன் என்று நம்பிவிடாதீர்கள். அந்த இரண்டு விரல்களும் இன்னும் தாமாகச் சட்டைக்குத்தான் போகின்றன; மேலே ஒன்றும் அகப்படாததால் கீழே தொப்பையில் வேலை தேடிக்கொண்டன. உங்களைச் சொல்லவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு வழுக்கையோ, ஒரு தூக்குப் பல்லோ, அது யார் கண்ணிலும் படவில்லை என்ற நம்பிக்கையோ, அவ்வளவுதானே. ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படிக்க ஆரம்பித்தபோது புத்தகத்தை முகத்துக்கு நேராகத்தான் பிடித்திருந்தீர்கள். இப்போது அது எங்கே இறங்கியிருக்கிறது?