பெட்டிக்குக் கிடைத்த நிரந்தர முகவரி

இந்தப் பெட்டியின் முகவரி இனிமேல் மாறவே மாறாது என்று அவர் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை.

அவருக்கு ஓட்டலில் வரவேற்பு மேஜை வேலை. வருகிறவர்களுக்கு அறை எண் சொல்லிச் சாவி கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே சிரிக்கிற உத்தியோகம். கால் கெஞ்சும், கன்னம் அதைவிடக் கெஞ்சும். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோர மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டுக் காற்று வாங்கினால்தான் உயிர் வரும்.

அந்த மேஜைமேல் அவர் மனைவிக்கு வெகுநாளாக ஒரு கண். அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைக்கிறவள். அவளுடைய தையல் மிஷின் கிடந்ததோ வாசல் நடையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு அழுமூஞ்சி பல்புக்கு அடியில். கறுப்பு நூல் எது, நீல நூல் எது என்று பார்க்க வெளியே ஓடிவிட்டு வருவாள்.

மேஜையைக் காப்பாற்றத்தான் அவர் அந்தப் பெட்டியையே வாங்கினார். வீட்டுப் படங்களையெல்லாம் சேர்த்து வைத்து, டிவியில் போட்டுப் பார்க்கிற பெட்டி. வாசல் நடையில் இருந்த இன்டர்நெட் ரூட்டரிலிருந்து கூடம் முழுக்க வயரை இழுத்து வந்து, மேஜை நடுவில் குடியேற்றினார்.

"இதை யாரும் அசைக்கக் கூடாது. அசைச்சா அட்ரஸ் மாறிடும். அப்புறம் பிள்ளைங்க போட்டோ எதுவும் டிவிக்குத் தெரியாது."

கதை நன்றாகத்தான் ஓடியது, அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் வரும்வரை. வந்ததும் டிவி கையை விரித்துவிட்டது. பெட்டியைக் காணவில்லையாம்.

"நீங்க அசைச்சீங்களா?" என்றாள்.

"நான் எதுக்கு அசைக்கிறேன்?"

"அசைக்காமலே மாறுதுன்னா, அசைச்சாலும் ஒண்ணுதானே. வாங்க, மிஷினைத் தூக்க ஒரு கை பிடிங்க."

அங்கேதான் சபதம் பிறந்தது. "பொறும்மா. அந்த ரூட்டர் ஒவ்வொரு தடவையும் வாய்க்கு வந்த நம்பரை அட்ரஸாக் கொடுக்குது. நான் நிரந்தரமா ஒண்ணு போட்டுடறேன். அப்புறம் எந்த மூலையில தூக்கி வச்சாலும் டிவி கண்டுபிடிச்சிடும்."

தன் வாய் சொன்னது அவர் காதுக்கே எட்டவில்லை. அவள் காதுக்கு எட்டியது.

"எந்த மூலையில வச்சாலுமா?"

"எந்த மூலையில வச்சாலும்."

"சரி, போடுங்க" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

பெட்டியின் செட்டிங்குக்குள் நுழைந்து, முகவரியின் கடைசியில் இருபத்தைந்து என்று போட்டார். அவர் ஓட்டலில் நல்ல காற்று வருகிற அறை அதுதான். டிவியில் படம் வந்தது. மேஜைமேல் கால் போனது.

மறுநாள் பெட்டி மறுபடி மாயம். அவள் கடைக்குப் போனால் தெரிந்தது. திரும்பி வந்தால் மறைந்தது.

"நீ வந்தாலே அது ஒளிஞ்சுக்குது" என்றார்.

"உங்ககூடப் பழகின பெட்டிதானே."

குடைந்து பார்த்தால், அவளுடைய போனுக்கும் அதே இருபத்தைந்து.

"உன் போன்தான் அதோட இடத்துல உட்கார்ந்திருக்கு. அணைச்சு வை."

"துணி கொடுக்கிறவங்க அப்புறம் யார்கிட்ட பேசுவாங்க, பெட்டிகிட்டயா?"

மாடி வீட்டுக் கம்ப்யூட்டர் டீச்சர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். தோளில் டேப் கிடக்க, இருவரும் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு மனைவி இவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, உங்க ஓட்டலுக்கு வர்ற ஆள் உங்ககிட்ட சொல்லாம நேரா போய் இருபத்தஞ்சுல படுத்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? ரூம் காலின்னு நினைச்சு அடுத்து வர்றவருக்கு அதே ரூமைக் கொடுப்பேன்..."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"ரூட்டரும் அதைத்தான் பண்ணியிருக்கு. நீங்க பெட்டி காதுல மட்டும் ஓதியிருக்கீங்க. ரூம் கொடுக்கிறவர்கிட்ட சொல்லவே இல்ல."

இத்தனை வருட உத்தியோகமும் அவர் முகத்தில் அசடாக வழிந்தது. "நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து சொல்லிடறேன்" என்று முனகினார்.

மறுநாள் மாலை அவர் வந்து கதவைத் திறந்தால், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ரூட்டருக்குக் கீழே, பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் மிஷின். மாலை வெயிலில் மனைவி முதல் தடவையிலேயே ஊசிக்குள் கறுப்பு நூலை விட்டாள். டிவியில் பிள்ளைகளின் படங்கள் அழகாக ஓடின.

"யாரு அசைச்சது?"

"நானும் டீச்சரும். இருபத்தஞ்சு பெட்டிக்கு மட்டும்தான், வேற யாருக்கும் கொடுக்காதேன்னு ரூட்டர்ல போட்டுட்டோம். எந்த மூலையில வச்சாலும் கண்டுபிடிச்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க? வயர் தடுக்கி விழறதும் மிச்சம்."

அவர் தன் நாற்காலியைத் தேடினார். அதற்கு ஜன்னலோரம் முகவரி இல்லை.

"உங்க நாற்காலியையும் அது பக்கத்துலயே போட்டிருக்கேன். நீங்க காவலுக்கு இல்லாம அதுக்கு எப்படித் தூக்கம் வரும்?"

உட்கார்ந்தார். வாசல் கதவு வழியாகவும் கொஞ்சம் காற்று வரத்தான் செய்தது. செருப்பு அலமாரி கால் நீட்டச் சரியான உயரம். கைக்குத் தேநீர் வந்தது. அப்படியொன்றும் மோசமில்லை என்று கண்ணை மூடினார்.

மணி அடித்தது. துணிப்பையோடு ஒரு அம்மாள். "தைக்கிறவங்க இருக்காங்களா?"

"என்னங்க, கையில வேலையா இருக்கேன்" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல். "கொஞ்சம் உட்கார வைங்க."

அவருடைய கால் தானாகக் கீழே இறங்கியது. கன்னம் தானாக விரிந்தது.

"வாங்க மேடம், உட்காருங்க" என்று இருந்த ஒரே நாற்காலியை அந்த அம்மாளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, நின்றுகொண்டே சிரித்தார்.