பதினேழாம் வாய்ப்பாட்டுக்கு மயங்கிய பூச்சிகள்

பூச்சிமன்னன் வருகிறார் என்றால் வெங்காயம் போட்டவர்கள் பல் துலக்கக்கூட மறந்து வரப்பில் வந்து நிற்பார்கள். அவர் வயல் நடுவே ஒரு நீலப் பலகையை நடுவார். 'மூலிகைத் தைலம்' தடவுவார். கண்ணை மூடி அரைமணி நேரம் மந்திரம் முணுமுணுப்பார். மாலைக்குள் பலகை முழுக்க இலைப்பேன் ஒட்டிக் கிடக்கும். தூசியளவு பூச்சி, வெங்காயத் தாளைச் சுரண்டிச் சாறு குடித்து வெளுக்க வைத்துவிடும். அதுவே தேடி வந்து சரணடைகிறதே! காணிக்கை, பலகைக்கு ஒரு மூட்டை வெங்காயம்.

கூட்டத்தின் முதல் வரிசையில் நம்ம கணக்கு வாத்தியார். இரண்டு பட்டம் வாங்கியவர். 'ஏன், எப்படி என்று கேளுங்கள்' என்று இருபது வருஷம் பிள்ளைகள் காதைத் திருகியவர். பலகையைப் பார்த்ததும் அவருடைய மூளை மருத்துவ விடுப்பில் போய்விட்டது.

பாவம், அவருக்கு அவசரம். வேலையை விட்டுவிட்டு, மனைவியின் அண்ணன் நிலத்தில் பயிர் வைத்திருந்தார்.

"ஒரு போகம் பாருங்க மாப்பிள்ளை. விளையலைன்னா நிலத்தை நானே எடுத்துக்கறேன்" என்று மச்சான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிற மச்சான்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

வாத்தியார் வயலிலும் பலகையை நட்டுவிட்டு, பூச்சிமன்னன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இருபத்தோரு நாள் யாரும் வயலில் கால் வைக்கக் கூடாது. களை பிடுங்குவதும் மருந்தடிப்பதும் கூடவே கூடாது. வாத்தியார் வரப்பில் உட்கார்ந்து பயிரைக் காத்தார், முக்கியமாகத் தன் மனைவியிடமிருந்து.

பன்னிரண்டாம் நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவள் உள்ளே இறங்கிவிட்டாள். பத்து இடத்தில் செடியை வெள்ளைத் தாளின் மேல் தட்டித் தட்டி, விழுந்த இலைப்பேனை எண்ணினாள்.

"என்னங்க, பலகை நட்ட அன்னிக்கு நான் எண்ணினப்போ செடிக்குப் பத்து. இன்னிக்கு முப்பது. சரணடைஞ்சவங்க குடும்பத்தோட இங்கதான் குடியிருக்காங்க."

"நீ கால் வெச்சே பாரு, அதான் கூடிப்போச்சு!"

"ஆமா, என் கால் பட்டதும் கொத்துக் கொத்தாக் குட்டி போட்டுடுச்சு."

மறுநாள் காலை பூச்சிமன்னன் பக்கத்து வயலுக்கு வந்திருந்தார். அவள் வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு, இரண்டு நீலப் பலகைகளோடு போய் நின்றாள்.

"ஐயா, இதுல தைலம் கிடையாது. மந்திரம் மட்டும் சொல்லுங்க. இன்னொண்ணுல எங்க வீட்டு விளக்கெண்ணெய். அதுக்கு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்."

"நானா? எனக்கு என்ன தெரியும்?" என்றார் வாத்தியார்.

"வாய்ப்பாடு தெரியுமே."

பூச்சிமன்னன் முகம் சுண்டியது. "என்னைச் சோதிக்கிறியாம்மா?"

"ஆமாங்க. சோதிக்கத்தான் வந்தேன்."

"சொல்லுங்க சாமி, இந்தம்மாவுக்குக் காட்டுங்க!" என்று பக்தர்களே அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். வேறு வழியில்லாமல் முணுமுணுத்தார். வாத்தியார் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னார். பதினேழெட்டில் தடுக்கியும் விழுந்தார்.

மாலையில் லென்ஸோடு பார்த்தார்கள். மந்திரப் பலகை கழுவிவிட்டதுபோல் சுத்தம். வாய்ப்பாட்டுப் பலகையில் பூச்சிமேல் பூச்சி, அதுவும் தப்பாகச் சொன்ன வாய்ப்பாட்டுக்கு!

"நீல நிறம் இழுக்குது, எண்ணெய் பிடிக்குது, அவ்வளவுதான்" என்றாள் அவள். "பூச்சி எவ்வளவு இருக்குன்னு பலகை காட்டும். மிச்ச வேலையை நாமதான் செய்யணும்."

யாரோ தைல டப்பாவை முகர்ந்தார்கள். அதுவும் விளக்கெண்ணெய்தான். பூச்சிமன்னனைத் தேடினால், வரப்பில் அவர் செருப்பு மட்டும் இருந்தது.

அன்று முதல் வாத்தியார் மனைவிக்கு உதவியாள். களை பிடுங்கினார், வெங்காயத் தாளில் தண்ணீரைப் பீய்ச்சினார், வாராவாரம் எண்ணினார், எண்ணிக்கை ஏறிய பாத்திக்கு மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தார். பூச்சியைத் தின்னும் பூச்சிகளைத் தொந்தரவு செய்யவில்லை. பாதி வெங்காயம் தேறியது.

மச்சான் வந்து பார்த்தார். "இந்தப் பாதி என் தங்கச்சி காப்பாத்தினது. அந்தப் பாதி நீங்க காவல் காத்தது. அடுத்த போகம் நிலம் அவ பொறுப்புல." இந்த முறையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாத்தியாரும் சிரித்தார், அவள் பொறுப்பில் அவரும் அடக்கம் என்பதில் அவருக்கு நிம்மதிதான்.

வாசலில் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வாத்தியாரே, அந்தப் பதினேழாம் வாய்ப்பாட்டைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

வாத்தியார் அவர்களைப் பார்த்தார். நாலு பேரும் அன்று முதல் வரிசையில் நின்ற தன்னைப் போலவே இருந்தார்கள்.

"தரேன். ஆனா எண்ணெய் தடவாம ஒரு தடவை சொல்லிப் பாருங்க. ஒண்ணுமே ஒட்டலைன்னா உட்கார்ந்து யோசிங்க. இத்தனை நாள் அந்தப் பலகையில ஒட்டிக்கிட்டுக் கிடந்தது பூச்சி மட்டுமில்லை, நாமளும்தான்."