சீ அண்ணன்

ஜப்பான்காரனின் முகத்துக்கு நேரே தினமும் "சீ" என்று சொல்லி, அதற்கு அவனிடமே "யோஷி", அதாவது பேஷ் என்று பாராட்டும் வாங்கிய மனிதர் மலாயாவின் இந்தக் கேமரன் மலையில் ஒரே ஒருவர்தான். எங்கள் தோட்டத்தில் அவருக்குச் சீ அண்ணன் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர், ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் இருந்திருக்கும். ஜப்பான்காரன் வந்த வாரமே அந்தப் புத்தகம் அடுப்புக்குப் போய்விட்டது.

தேயிலைச் செடி புதுசாகத் தளிர்க்கட்டும் என்று கிளையை ஒட்ட நறுக்கும் கவ்வாத்து வெட்டுதான் அவர் வேலை. தனிக்கட்டை. துணி கிடைக்காமல் நாங்கள் எல்லோரும் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு குளிரில் நடுங்கிய காலம் அது. இவர் மட்டும் அந்தச் சாக்கைப் பாய்க்கு அடியில் மடித்து வைத்துப் படுத்து, காலையில் கத்தி மாதிரி மடிப்போடு கட்டிக்கொண்டு வருவார். மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆனாலும் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துத்தான் உட்காருவார். "ரசம் வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். ரசம் எங்கிருந்து வரும்? "சரி, அடுத்த பந்தியில வாங்கிக்கலாம் லா" என்று கிழங்கில் கை வைப்பார்.

பேர் வந்தது பெரட்டில். காலையில் ஆள் எடுக்கும் களத்துக்கு அப்படிப் பேர். ஜப்பான் அதிகாரி எங்களை ஐந்தைந்து பேராக நிறுத்தி, அவன் பாஷையில் எண்ணிக்கை சொல்லச் சொல்வான். இச்சி, நீ, சான், சி, கோ.

முதல் நாள் நான் இரண்டாவதாக நின்றேன். இடுப்பில் வாளோடு நிற்கிற பெரிய ஆளைப் பார்த்து "நீ" என்று எப்படிச் சொல்வது? என் அப்பா என்னை அப்படி வளர்க்கவில்லை. கைகட்டிக்கொண்டு "நீங்க" என்றேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. திரும்பச் சொல்லச் சொன்னான். தப்பு எங்கே என்று தெரியாமல், இன்னும் பணிவாக "நீங்க" என்றேன். அடுத்த கன்னத்துக்கும் கிடைத்தது. வகுப்புக்குப் போய் ஜப்பான் பாஷை கற்றிருந்த எங்கள் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி, தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் சீ அண்ணன் என் கையைப் பிடித்து மூன்றாவது இடத்தில் நிறுத்தினார்.

"இங்க நின்னு சான்னு சொல்லு லா. அதுல மரியாதைக்கு ஒன்னும் கொறையாது. நாலு எனக்கு வேணும்."

"ஏன்ணே, நாலுல என்ன இருக்கு?"

"காதக் குடுத்துக் கேளு."

என் முறை முடிந்ததும் அவர் நெஞ்சை நிமிர்த்தி, அதிகாரியின் மூக்குக்கு நேராக ஒரு "சீ" விட்டார். நாலு என்று யாரும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. அதிகாரி மகிழ்ந்துபோய் "யோஷி" என்றான். கிராணி திரும்பிக்கொண்டு இருமினார்.

அன்று முதல் அந்த இடம் அவருடையது. ஒரு நாள் அழுகிய மீனைப் பார்த்த சீ. ஒரு நாள் சாணியை மிதித்த சீ. அதைக் கேட்பதற்காகவே காய்ச்சல்காரன்கூட எழுந்து பெரட்டுக்கு வருவான்.

"தெரிஞ்சா தலைய எடுத்துருவாண்ணே" என்று ஒரு தடவை சொன்னேன்.

"தம்பி, காலையில அத ஒரு வாட்டி சொல்லிட்டேன்னா, பொழுதுக்கும் அவன் ஏசுறது என் மேல ஒட்ட மாட்டேங்குது. கிழங்கப் போட்டு வயித்த நெரப்பிக்கிறோம். இதுக்கும் ஏதாச்சும் போடணும்ல?" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

என் மனைவிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று மாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்து விட்டிருந்தோம். ஆத்தா புண்ணியத்தில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, சிப்பாய் ஒருவன் அந்தச் சேவலைப் பிடித்துக்கொண்டுபோய்த் தின்றுவிட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"அண்ணே, நாளைக்கி ஒரு நாளு உங்க எடத்த எனக்குக் குடுங்க."

"யாரு, நீங்கன்னு சொன்ன ஆளா?" என்று சிரித்தார். "ஒரு நாளைக்கித்தான். அடிவயித்துலேருந்து வரணும். எம் பேரக் கெடுத்துறாத."

மறுநாள் அவர் மூன்று, நான் நாலு. அம்மனை நினைத்துக்கொண்டு சொன்னேன். எதிர்மலை வரைக்கும் கேட்டது போல எனக்கு இருந்தது. "யோஷி" என்றான் அதிகாரி. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் கிராணி ஒரு காகிதத்தை வாசித்தார். ஒவ்வொரு வரிசையிலும் நாலாவது ஆள் முன்னால் வர வேண்டும். சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும். லோரி நிற்கிறது.

சயாமுக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்பது அப்போதே எங்களுக்குத் தெரியும். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து என் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

விலாவில் ஓர் இடி விழுந்தது.

"ஏன்டா, ஒரு நாளு அசந்தா எடத்தப் புடிச்சிக்குவியா? யாரக் கேட்டு நாலுல நின்ன?" சீ அண்ணன் கத்தினார். கிராணியிடம் திரும்பி, "நாலு நாந்தாங்க. அதிகாரிக்கே தெரியும், கேட்டுப் பாருங்க" என்றார். பிறகு அதிகாரியைப் பார்த்து நெஞ்சு நிறைய ஒரு "சீ". அந்தக் குரலை அவனுக்குத் தெரியாதா? தலையாட்டினான்.

என்னை மூன்றாவது இடத்துக்குத் தள்ளும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "புள்ளக்காரன், ஒன் எடத்துல நில்லு. என் எடத்தப் பாத்துக்க."

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தபின் பெரட்டு பழையபடி நடந்தது. நான் மூன்றாவதாக நிற்பேன். எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டிருப்பேன். கங்காணி தினமும் ஏசுவார்.

"யாருக்குய்யா எடம்? ஒன் மாமியாளுக்கா?"

"ஆள் வருவாருங்க."

பல மாதம் கழித்து, பனி மூடிய ஒரு காலையில், அந்த இடத்தில் யாரோ வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். கால் நிறையப் புண் ஆறிய தழும்பு. ஆனால் கட்டியிருந்த சாக்கில் மடிப்பு கலையவில்லை.

"நல்லாக் கவ்வாத்து வெட்டிட்டானுங்க லா" என்றார். "தளுத்துரும்."

கங்காணி பேர் கூப்பிட்டார். சீ அண்ணன் பழக்க தோஷத்தில், துரையின் முகத்துக்கு நேரே "சீ" என்றார். களமே சிரித்தது. துரை என்னவென்று கேட்க, "ஆஜர்னு சொல்றான் தொர" என்று கங்காணி சமாளித்தார்.

அண்ணன் ஆத்தாவிடம் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போது நான் இன்னும் மூன்றாவதாகத்தான் நிற்கிறேன். பின்னால் இருப்பவர்கள், "இங்க ஏன் எடம் விட்டிருக்கீங்க தாத்தா?" என்று கேட்கிறார்கள்.

"ஆள் வருவாரு" என்கிறேன்.