என் மகளை வெள்ளைக்காரியாக்கிய மச்சினனுக்கு

ஃப்ரீமான்ட்,
ஜூன் 2001

அன்புள்ள மச்சினன் கிட்டுசாமிக்கு,

உன் அக்காள் புருஷன் மயில்சாமி எழுதுவது. இங்கே உன் அக்காள் வள்ளியும் மகள் தென்றலும் நலம். டல்லாஸ் பக்கத்து ஆலனில் நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய். என் மகளின் நிச்சயதார்த்தத்தில் வைக்க வேண்டிய தீயை வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே டல்லாஸுக்கு விமானம் ஏறியவனுக்கு என்ன குறை. போனில் திட்டலாம் என்றால், "மாமா, இன்னொரு கால் வருது" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

முதலில் என் லைட் மீட்டர். உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் கருவியை ஃப்ரீமான்ட் தமிழர்களில் பாதிப் பேரின் தாடைக்குக் கீழே பிடித்திருக்கிறேன். முகத்தின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அது ஓர் எண்ணில் சொல்லும், அதன்படி கேமராவின் வளையத்தைத் திருப்பி வைத்தால் படம் பிசகாது, இதுவரை பிசகியதும் இல்லை. நீ புது டிஜிட்டல் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாய். வந்தவன் காபியைக்கூடக் குடிக்காமல், சம்பந்தி வீட்டார் எதிரில், "என்ன மாமா, இன்னும் இந்த டப்பாவத் தூக்கிட்டுத் திரியறீங்க? டிஜிட்டல்ல எடுத்த உடனே ஸ்க்ரீன்ல பாத்துக்கலாம். இத மியூசியத்துக்கு டொனேட் பண்ணிருங்க" என்றாய். உன் அக்காள் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் நிச்சயதார்த்தம் நடந்த கிளப்ஹவுஸின் கருநீலத் திரைக்கு முன்னால் தென்றலை உட்கார வைத்து, மீட்டரைத் தாடைக்குக் கீழே பிடித்து, மறந்துவிடக் கூடாதென்று வழக்கம்போல வாய்விட்டு "நாலு" என்றேன். ஜன்னலோரம் நின்ற மாப்பிள்ளை மகிழனுக்கும் பிடித்து "அஞ்சு புள்ளி ஆறு" என்றேன். மகிழனின் அம்மா மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இது நெறத்த அளக்கறதுங்களா? எம் பையனுக்கு அஞ்சே சொச்சம், புள்ளைக்கு நாலுதானுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ திறந்தாய். "ஆமாங்கக்கா, கலர் மீட்டருங்க. எட்டு வந்தா செவப்பு, நாலுன்னா மாநெறம்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்த ஹாலில் நீ ஒருவன்தான் சிரித்தாய்.

சம்பந்தியம்மா தன்னையும் அளக்கச் சொன்னார், அவருக்கும் நாலே வந்தது, முகம் விழுந்துவிட்டது. "ஜன்னல் கிட்டப் போய் நில்லும்மா, அங்க கூட வருது" என்று அவருடைய மகள் யோசனை சொன்னாள், போய் நின்றார், எட்டு வந்தது, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் சாப்பாட்டு வரிசையில் நின்ற பெண்களெல்லாம் தட்டை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடிவந்து தாடையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இது வெளிச்சத்தை அளக்கிற கருவி, ஆளை அளப்பதில்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் வெளிச்சம் எங்கே அதிகம் என்பது மட்டும் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் தென்றலே எழுந்து வந்து, "அப்பா, ஸ்டாப் மெஷரிங் பீப்பிள்" என்றாள். பெற்ற மகள் வாயால் கேட்க வேண்டிய வார்த்தையா இது?

"ஊருல கோபிக்கு அனுப்பற போட்டோவ உங்க மச்சினரே எடுக்கட்டுமுங்க. அவரு கேமரா ஆரையும் அளக்கறதில்லீங்க" என்றார் சம்பந்தியம்மா. நீயும் எடுத்தாய். உன் கேமரா கருநீலத் திரையைப் பார்த்தது, ஐயோ இருட்டு என்று பயந்தது, வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியது. தென்றலின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. மூக்கைக் காணோம், மூக்குத்தி மட்டும் இருந்தது. அதை ஸ்க்ரீனில் பார்த்து "சூப்பர்" என்று சொல்லி, இமெயிலில் அனுப்பிவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியவன் நீ.

கோபியில் மகிழனின் பெரியப்பா சேனாபதி இருக்கிறார். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். பிரவுசிங் சென்டரில் படத்தை பிரின்ட் எடுத்துப் பார்த்தவர் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, "வெள்ளைக்காரிச்சியக் கட்டறதுக்கா இவன அமெரிக்கா அனுப்புனோம்? சேலையச் சுத்தி, தென்றல்னு பேர வெச்சா எனக்குத் தெரியாதா? ஆவணில கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாராம். "இல்லீங்க மாமா, நல்ல மாநெறமான புள்ளைங்க" என்று சத்தியம் செய்யும் நிலைமை, நாலு என்றதற்கு முகம் சுளித்த அதே சம்பந்தியம்மாவுக்கு வந்தது. சேனாபதி நம்பவில்லை. கல்யாணப் பேச்சு அப்படியே நிற்கிறது. தென்றல் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கதவுக்கு வெளியே நின்றால் எனக்கு அழுகை வருகிறது, கிட்டுசாமி. ஒரு பெண்ணின் கல்யாணம் உன் கேமராவின் பயத்தால் நிற்கிறது.

நிச்சயத்தன்று நான் மீட்டர் வைத்து ஃபிலிமில் எடுத்த படத்தைப் போன வாரம் கூரியரில் கோபிக்கு அனுப்பினேன். அதில் என் மகள் என் மகளாக இருக்கிறாள். சின்ன வயதில் விழுந்த நெற்றித் தழும்புகூடத் தெரிகிறது. யார் என்ன நிறம் என்று என் மீட்டருக்குத் தெரியாது. அந்த ஹாலில் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தது அது ஒன்றுதான்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. சேனாபதிக்கு உடனே மன்னிப்புக் கேட்டு எழுது. தப்பு உன் கேமராவுடையது, பெண் அசல் தமிழச்சி, டிஜிட்டல் வந்தாலும் லைட் மீட்டர் இல்லாமல் ஆகாது என்று மூன்றையும் ஒப்புக்கொள். அதுவரை அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு என் வாசற்படி ஏறாதே.

குழந்தைகள் கவினுக்கும் வெண்பாவுக்கும் என் ஆசிகள். உன்னோடு குடித்தனம் நடத்துகிற உன் மனைவிக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

கோபம் தணியாத உன் மாமன்,
மயில்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சேனாபதியே இங்கே போன் செய்துவிட்டார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். "நீங்க அனுப்புன படம் கெடச்சுதுங்க. இந்தக் கறுத்த புள்ள வேண்டாமுங்க. இதுக்கு அந்த வெள்ளைக்காரியவே முடிச்சுருங்க" என்றார். தென்றலைப் பார்க்க வந்திருந்த மகிழன்தான், "சரிங்க பெரியப்பா, அவளையே கட்டிக்கறேனுங்க" என்று சொல்லி லைனைக் கட் பண்ணினான். உள்ளே தென்றல் சிரித்த சத்தம் கேட்டது. கல்யாணம் ஆவணியில், இங்கேயே. ஆகையால் அந்த மனுஷனுக்கு நீ ஒரு வரிகூட எழுத வேண்டாம். தாரை வார்க்கிற கையால் நான் படம் எடுக்க முடியாது, நீதான் எடுக்க வேண்டும். டிஜிட்டலையே கொண்டு வா. அதில் வெளிச்ச அளவை நாமே கையால் வைத்துக்கொள்கிற வசதி இருக்கிறதென்று கடையில் விசாரித்துவிட்டேன். மீட்டரை உன்னிடம் தருகிறேன், அது சொல்கிறபடி வை. என் மகள் அவள் நிறத்திலேயே வர வேண்டும்.